ஒடிந்த கொம்பு

ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து விழுகிறது. அதில் கல்லூரிக் கால்பந்து அணியின் புதுச் சட்டை கிடக்கிறது. நெஞ்சில் இரண்டு கொம்பும் நிமிர்ந்த, பளபளக்கும் ஒரு காளை. பழைய சட்டையிலிருந்து வெட்டியெடுத்த சின்னத்தை அதன்மேல் வைத்து அக்கா தைக்கிறாள். அந்தக் காளைக்கு இடக்கொம்பு பாதியில் ஒடிந்திருக்கிறது. "முதல் கோப்பை ஜெயிச்ச அன்னைக்குக் கொடி கிழிஞ்சு கொம்பு போச்சுடா. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. எங்களுக்கே 'கொம்பொடிஞ்சான் கூட்டம்'னுதான் பேரு," என்கிறாள், ஒரு காலத்தில் அந்த அணிக்குக் கோல் காத்தவள். "இப்ப எவனோ ஒட்டவச்சிருக்கான். காளையா இது? சீவிச் சிங்காரிச்ச கன்னுக்குட்டி!" தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச் சட்டைக்குச் சின்னம் வரைந்தபோது, அச்சுப் பிழை என்று நினைத்து அந்தக் கொம்பை நிமிர்த்தியவன் அவன்தான். ஏதோ கம்பெனி வேலை என்று மட்டும் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறான். அவனுடைய கைப்பேசி விர்ரென்று அதிர்கிறது. சின்னத்தை வெளியிட்ட கம்பெனிப் பக்கத்தில் ரசிகர்களின் வசவு இன்னும் ஓயவில்லை. அதைக் கவிழ்த்து வைக்கிறான். "வரைஞ்சவன் கை விளங்குமா?" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அக்கா ஊசியை நீட்டுகிறாள். "இதைக் கோத்துக் குடு. உனக்குத்தான் கை நிதானம்." நூல் முனையில் எச்சில் தொட்டு, ஊசிக் காதில் நுழைக்கப் பார்க்கிறான். நூல் விலகுகிறது, மறுபடியும் விலகுகிறது. சொல்லிவிடலாம் என்று அவன் வாய் திறக்கும்போது அக்கா பெருமூச்சு விடுகிறாள். "போகட்டும், திட்டக்கூடாது. அவனும் யாரு பெத்த பிள்ளையோ."