தணிகாசலத்தின் கண்ணாடி

பேராசிரியர்களுக்குப் புதிய கருவிகளைப் பழக்கிக்கொடுப்பதுதான் பல்கலைக்கழகத்தில் மெர்லினின் வேலை. பாடம் புரிந்த மாணவரின் தலைக்கு மேல் பச்சையும், புரியாதவர் தலைக்கு மேல் சிவப்பும் காட்டும் கண்ணாடியை அன்று காலையில்தான் இயற்பியல் பேராசிரியர் தணிகாசலத்துக்கு மாட்டிவிட்டிருந்தாள். மதியமே அதைப் போட்டபடி வந்து நின்றார்.

“இது ரிப்பேர்ம்மா. பாடம் முடிச்சிட்டு ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டேன். எல்லாரும் ஒரே குரல்ல ‘புரிஞ்சுது சார்’னாங்க. இது என்னடான்னா அறுபது தலையையும் சிவப்பா காட்டுது.”

மெர்லின் தன் கணினியில் சோதித்துப் பார்த்தாள். “கண்ணாடி சரியாத்தான் இருக்கு சார்.”

தணிகாசலம் மெதுவாக உட்கார்ந்தார். முப்பது வருடங்களாக அதே என்ட்ரோபி பாடம், காபியில் கரையும் சர்க்கரை என்று அதே உதாரணம், கடைசியில் அதே கேள்வி, அதே பதில்.

“நீயும் என் கிளாஸ்லதானே படிச்சே. என்ட்ரோபி உனக்காவது புரிஞ்சுதாம்மா?”

“புரிஞ்சுது சார்,” என்றாள் மெர்லின், யோசிக்காமல்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு பேப்பர் எடும்மா.”