ஏழு பி எழுதிய முடிவு

"ஒருத்தர்கூடவா சரியா எழுதல?"

தலைமையாசிரியர் ராயப்பன் விடைத்தாள் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

"இல்ல சார். கடைசிக் கேள்விய மட்டும் மொத்த கிளாஸும் தப்பா எழுதியிருக்கு," என்றாள் விக்டோரியா.

"கிராமர் நடத்துங்கம்மான்னு சொன்னேன். இல்ல சார், டிராகன் கதை நடத்துனா பிள்ளைக தன்னால இங்கிலீஷ் பேசும்னீங்க. இப்ப என்னாச்சு?"



விளாங்குடியில் இருக்கும் அந்த மிஷன் பள்ளியில், ஏழாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஒரு நாவல் வைக்க அவள் அவரிடம் நடையாய் நடந்திருந்தாள். பனி ராஜாவின் சாபத்தால் கல்லாகிப்போன அப்பாவைத் தேடி, டிராகன் மேலேறிப் போகும் ஈலா என்ற சிறுமியின் கதை.

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். "மிஸ், டிராகன் நல்லி எலும்பு கடிக்குமா?" என்று ஜூடு ஒருநாள் கேட்க, அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வகுப்பே அடித்துக்கொண்டது.

கடைசி அத்தியாயத்தில் ஈலா அந்தக் கல்லைத் தொடுகிறாள். கல் கல்லாகவே இருக்கிறது. அப்பா எழுந்திருக்கவில்லை. ஈலா தனியாக வீடு திரும்புகிறாள். அதை வாசித்த அன்றைக்குப் பெர்சி தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆனால் பரீட்சையில், ஈலா கல்லைத் தொட்டபோது என்ன நடந்தது என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் எழுதியிருந்தார்கள். அப்பா கண் திறந்தார். எழுந்து ஈலாவைக் கட்டிக்கொண்டார்.

முதல் ரேங்க் வாங்கும் பெர்சியும் அதேதான். கடைசி வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு, பரீட்சையன்றைக்கு நேரே வந்து உட்கார்ந்த முத்துமீனாவும் அதேதான். அவளுக்கு அந்த அத்தியாயம் தெரியவே நியாயமில்லை. நாவல் பள்ளிக்கூடத்துடையது. பீரியட் முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடும்.

"காப்பி அடிச்சிருக்காங்க சார்."

"விசாரிங்க. பதில் வரலைன்னா அடுத்த வருசம் கிராமர் மட்டும்தான்."

விக்டோரியா வகுப்புக்குள் நுழைந்தபோதே முகம் சிவந்திருந்தது.

"யாரைப் பார்த்து யாரு எழுதுனீங்க?"

எல்லோரும் டெஸ்க்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"பெர்சி, நீ சொல்லு. அன்னைக்கு அம்புட்டு அழுகை அழுதியே. உனக்குமா காப்பி தேவைப்பட்டுச்சு?"

பெர்சி எழுந்து நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஜூடு?"

"தெரியல மிஸ்."

"எல்லாருக்கும் திமிரு. சரி, காப்பி அடிச்சதுக்குக் கடைசிக் கேள்வியில எல்லாருக்கும் முட்டை. இப்ப அந்த அத்தியாயத்தத் திரும்ப வாசிக்கிறேன். காதைத் தொறந்து கேளுங்க."

அவள் பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

"மிஸ், வேணாம் மிஸ்!" ஜூடு துள்ளி எழுந்தான்.

"என்னடா வேணாம்?"

அவன் விழித்தான். பெர்சி சட்டென்று, "மிஸ், சாக்பீஸ் தீந்துருச்சு. முத்துமீனா போயி எடுத்துட்டு வரட்டும் மிஸ்," என்றாள்.

கரும்பலகைக்குக் கீழே டப்பா நிறைய சாக்பீஸ் இருந்தது. விக்டோரியா அதைப் பார்த்தாள். பெர்சியின் முகத்தையும் பார்த்தாள். கண் இரண்டும் கெஞ்சின.

"போயிட்டு வாம்மா முத்துமீனா."

அவள் படியிறங்கும் வரைக்கும் எல்லோரும் வாசலையே பார்த்தார்கள். பிறகு ஜூடுதான் ஆரம்பித்தான்.

"மிஸ், அவ அப்பா எழுமலையில தென்னை மரத்துலருந்து விழுந்துட்டாரு. பெரியாஸ்பத்திரியில போட்டிருக்காங்க. இன்னும் கண்ணே முழிக்கல மிஸ்."

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னது விக்டோரியாவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"பரீட்சையன்னைக்குக் காலையில வந்தவ, முதல்ல கேட்டதே, ஈலா அப்பா எந்திரிச்சாரான்னுதான் மிஸ்," என்றாள் பெர்சி. "நான்தான் மிஸ், எந்திரிச்சிட்டாருன்னு சொல்லிட்டேன்."

"சரி, அவகிட்ட சொன்ன. பரீட்சையில எதுக்கு எல்லாரும் அப்படியே எழுதுனீங்க? மார்க்கு போகும்னு தெரியாதா?"

"நாங்க சரியா எழுதி, அவ மட்டும் தப்புன்னா, பேப்பர் குடுக்கிறப்ப தெரிஞ்சிருமே மிஸ்."

விக்டோரியா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

முத்துமீனா சாக்பீஸோடு வந்துவிட்டாள். "வாசிக்கப் போறீங்களா மிஸ்? நான் மட்டும்தான் அத இன்னும் கேக்கல," என்றபடி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பு மொத்தமும் விக்டோரியாவையே பார்த்தது.

அவள் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் வாசித்தாள். ஈலா தொட்டாள். கல் வெதுவெதுப்பானது. அப்பா கண் திறந்தார்.

பெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

"விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன் சார். பிள்ளைக யாரும் காப்பி அடிக்கல," என்றாள் விக்டோரியா. "கடைசி அத்தியாயத்த நான்தான் மாத்தி நடத்திட்டேன்."