பாராட்டு மட்டுமே கேட்ட நீதிபதி

நீதிபதிகளைக் குறை சொல்லும் வரி எதுவானாலும் எழுதும்போதே திரையிலிருந்து அழிந்துவிடும் காலம் அது. நீதிபதி வைதேகிக்குப் பாராட்டு மட்டுமே வந்துகொண்டிருந்தது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் தட்டியது. தன் பழைய தீர்ப்புகளைத் தானே எடுத்துப் படித்தார். ஒரு கொலை வழக்கில் சாட்சி அடையாளம் காட்டியது அண்ணனை. அவர் ஆயுள் தண்டனை கொடுத்திருந்தது தம்பி ராசப்பனுக்கு.

ராசப்பனின் வக்கீலை அழைத்துக் கேட்டார்.

“அப்பவே தெரியும்மா. அப்பீல் மனுவுல எழுதினேன். எழுத எழுத அழிஞ்சுபோச்சு. காகிதத்துல எழுதினா கோர்ட்டுல வாங்கறதில்ல.”

‘தவறு என்னுடையது’ என்று வைதேகியே மேல் நீதிமன்றத்துக்கு எழுதிப் பார்த்தார். அதுவும் அழிந்தது. வாயால் சொல்வதை யாரும் அழிக்க முடியாது என்று நினைத்து, ராசப்பனின் மனைவி பூங்காவனத்தைத் தேடிப் போனார்.

“நான் குடுத்த தீர்ப்பு தப்பும்மா. உங்க தரப்புல கேட்டாத்தான் வழக்கைத் திரும்ப எடுப்பாங்க. என்கூட வந்து அதைக் கோர்ட்டுல சொல்லு.”

பூங்காவனம் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரொம்ப நல்ல தீர்ப்புங்கம்மா” என்றாள், போனுக்குக் கேட்கும்படி உரக்க. “எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லீங்க.”

கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.