கடைசி முகாமில் ஒரு மடக்கு

எவரெஸ்டின் கடைசி முகாமில், குழுத் தலைவர் உர்கென் விட்ட மூச்சு கூடாரத்தின் கூரைவரை போய் உறைந்து, பனித்தூளாகத் திரும்பி அவர் மீசையிலேயே விழுந்தது.

கழுகுக்கே மூச்சு வாங்கும் உயரம். அந்தக் குளிரில் தும்மினால் ஆலங்கட்டி விழும். மலையில் குடியிருக்கும் அம்மனே இறங்கி வந்து போர்வை கேட்பாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாங்புவுக்கு மட்டும் வியர்த்தது.

இறகு அங்கிக்குள், நெஞ்சோடு அணைத்து அவன் மேலே கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்கில் இருந்தது தேநீர் அல்ல. அவன் அம்மா ஊறவைத்து இறக்கிய பார்லிக் கள்.

அவர்கள் ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டுக் கள்ளைப் பெண்ணின் அப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டால் போதும், சம்பந்தம் முடிந்தது. அப்புறம் ஊரே கூடி இழுத்தாலும் வாக்கு திரும்பாது. உர்கெனின் மகள் யாங்ஜியைக் கேட்டு ஜாங்புவின் சித்தப்பா மூன்று தடவை கள்ளுக்குடம் தூக்கிப் போனார். உர்கென் உதட்டைக்கூட நனைக்கவில்லை.

"அடிவாரத்துல உருளைக்கிழங்கு உரிக்கிற பயலுக்கு எம் பொண்ணா? மேல வந்தா பஞ்சாப் பறந்துடுவான்" என்று சபையில் சிரித்து அனுப்பிவிட்டார்.

அந்தப் பஞ்சுதான் இன்று காலை இடுப்பளவு பனியை உழுது, உர்கெனுக்கு முன்னால் நடந்து, உச்சிவரை கயிறு கட்டிவிட்டு இறங்கியிருந்தது.

உர்கென் தன் ஃபிளாஸ்கை விரலால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பாறையாட்டம் உறைஞ்சு கிடக்கு. உன்னுத எடு."

"இதுல டீ இல்ல, மாமா."

"எவன்டா உனக்கு மாமா? எடுன்னா எடு."

ஜாங்பு இரண்டு கையாலும் நீட்டினான்.

மூடி திறந்ததும் எழுந்த வாசனையை அடிவாரத்து யாக்குகள்கூட மோப்பம் பிடித்திருக்கும். உர்கெனின் மூக்குக்கு மட்டும் எட்டவில்லை போல. ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டார்.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

காற்று தணிந்தது. இறங்குவதற்காக ஜாங்பு மூட்டை கட்டும்போது, அவருடைய ஃபிளாஸ்க் அவன் கை பட்டு உருண்டது. மூடி கழன்றது.

குபுகுபுவென்று ஆவி கிளம்பியது.

உர்கென் திரும்பிப் பார்க்காமல் காலணியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் மூடுடா, மாப்ள. டீ ஆறிடும்."