முதல் கவளம்

"எப்போ தின்னே? அதை மட்டும் சொல்லு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதைக்கூட லாரி டிரைவர் பொருட்படுத்தவில்லை. அவன் மனைவி பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தைத்துக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து மிஷின்மேலேயே சாய்ந்ததில் நெற்றி கிழிந்திருந்தது.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளைக்குள் பன்றி நாடாப்புழுவின் கட்டிகள்.

"நான் கறியைக் கையால தொட்டதுகூட இல்லீங்க."

"அப்போ பன்னிப் புழு வானத்துலேர்ந்து குதிச்சுதா? உனக்காகத்தானே நான் கறியையே விட்டேன்? உங்க வீட்டு ஆளுங்க முன்னாடி உன் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணேன். நீ எனக்கே துரோகம் பண்ணிட்டே."

அந்தச் சொல்லில் அவள் நொறுங்கிப்போனாள். மரம் வெட்டும் கேம்ப்பிலிருந்து எவ்வளவு பசியோடு வந்து இறங்கினாலும், தட்டில் கை வைத்ததும் முதல் கவளத்தை அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் அவன் சாப்பிடுவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி வயிறெரிவார்கள். அப்படிப்பட்டவனே நம்பாவிட்டால் வேறு யார் நம்பப்போகிறார்கள்? எங்காவது தெரியாமல் தின்றுவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"உன்னை உங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன். பொய் சொல்றவளோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள். டாக்டர் சொன்னதால் இருவருமே மலப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். 'எனக்கு எதுக்கு?' என்று அவன் அன்றைக்கே முணுமுணுத்தான்.

டாக்டர் அவளைப் பார்த்துத்தான் பேசினார். "உங்க வயித்துல புழு எதுவும் இல்லம்மா. வேகாத கறியைத் தின்னா, தின்னவங்க வயித்துலதான் புழு வளரும். உங்க தலைக்கு ஏறினது அதோட முட்டை. வயித்துல புழு இருக்கிற யாரோ கையைச் சரியா கழுவாம உங்க சாப்பாட்டைத் தொட்டிருக்காங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டீங்களா?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அந்தத் தெருமுனை ஹோட்டல்காரன்தான் சார்," என்றான் அவன். "இன்னிக்கே போய் அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்."

டாக்டர் மேஜையிலிருந்த மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்களுக்கு. புழு உங்க வயித்துலதான் இருக்கு. கேம்ப்புல எல்லாரும் சேர்ந்து காட்டுப்பன்னி சுட்டுத் தின்றீங்களாமே? போன மாசம் உங்க ஆளுங்க ரெண்டு பேர் இதே மாத்திரைக்கு வந்தாங்க."

நீட்டிய கையை மடக்க அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"என் தலைமேல சத்தியம் பண்ணதும் இந்தக் கைதானே?"