காலனி முன்னால் நின்ற லாரி

உக்கிரபாண்டியின் தண்ணீர் லாரிக்கு நிற்க வேறு இடமே கிடைக்கவில்லை. பந்தல்குடி தாண்டி, சரியாகக் காலனி முன்னால் போய் நின்றுவிட்டது.

காலனியில் மோட்டார் எரிந்து ஒரு வாரமாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஒரு லோடு குடுங்கய்யா" என்று கேட்கப்போன பெண்களை உக்கிரபாண்டி வாசலிலேயே விரட்டியிருந்தார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று அவருக்குப் பேர்.

"மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போற தண்ணி. எவனும் கிட்ட வரக் கூடாது!" இறங்கி நின்று கத்தினார்.

டிரைவர் முத்துராஜ் அதே காலனிக்காரன். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழைய பெட்ரோல் இன்ஜின் இருமியது, 'டப்'பென்று வெடித்தது, பிடிக்கவில்லை.

மெக்கானிக் பால்சாமி வந்து பார்த்தார். பெட்ரோல் வந்தது. பிளக்கில் பொறியும் வந்தது.

"பொறி வருது அண்ணாச்சி, வர வேண்டிய நேரத்துல வரல. டைமிங் மாறிக் கெடக்கு."

பிளக்குக்குப் பொறியைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பிச் சரிசெய்து நட்டை முடுக்கினார். அதற்குள் பேட்டரி படுத்துவிட்டது.

"தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஆனா, டேங்க் நெறயத் தண்ணிய வச்சுக்கிட்டு நகராது."

தண்ணீரைக் காணோமே என்று மச்சினன் தங்கபாண்டி பைக்கில் வந்து சேர்ந்தான். எதிரே பெண்கள் குடத்தோடு வரிசை கட்டிவிட்டார்கள்.

"மச்சான், தரையில வேணும்னாலும் தொறந்து விடுங்க. இதுகளுக்கு மட்டும் விடாதீக."

"தரையில விட்டாச் சகதியாகி டயர் புதைஞ்சுரும் மாப்ள. புடிச்சுத் தொலையட்டும். நான் போயி மறுபடி நெறச்சுட்டு வாரேன்."

டேங்க் காலியானது. காலனியே கை கொடுத்துத் தள்ளியது. இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. முத்துராஜ் அதை அணைக்காமல் இறங்கி வந்தான்.

பால்சாமி கையைத் துடைத்தபடி சொன்னார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக. டைமிங் தானா மாறல. யாரோ நட்டைத் தளர்த்தித் திருப்பி வச்சிருக்காக."

தங்கபாண்டியின் பார்வை நேராக டிரைவரிடம் போனது.

"நீ இந்தக் காலனிக்காரன்தானடா?"

முத்துராஜ் முதலாளியைப் பார்த்தான். பிறகு, "நான்தான்யா திருப்புனேன்" என்றான்.

"உப்பைத் தின்ன வீட்டுக்கே ரெண்டகம்! இவனை இன்னிக்கே அனுப்புங்க மச்சான்!"

"காதுகுத்து முடியட்டும் மாப்ள, அனுப்பிருவோம்." உக்கிரபாண்டி லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சினனும் மெக்கானிக்கும் போனார்கள். லாரிக்குள் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். உக்கிரபாண்டிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன்டா, இங்க வந்ததும் நிறுத்தச் சொல்லி நட்டைத் தளர்த்தித் திருப்புனது நானு. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? எதுக்குடா பழியை ஏத்துக்கிட்ட?"

முத்துராஜ் கியரைப் போட்டான்.

"என் வேலை போனாப் போகுது மொதலாளி. திருப்புனது நீங்கன்னு ஒங்க சனத்துக்குத் தெரிஞ்சா, அப்புறம் லாரி இங்க நிக்காதுல்ல?"