கோமளவல்லிக்குக் காய்ச்சல் வரவில்லை

ஓர் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாம், அந்த ஆஸ்பத்திரித் தம்ளரில் வாயாடித் தெர்மாமீட்டர் ஒன்று இருந்ததாம்.

கொரோனா தடுப்பூசி போட்ட மறுநாள் நர்ஸ் செல்வமேரிக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். நர்ஸ் கோமளவல்லிக்கோ கைகூட வலிக்கவில்லை.

"கொதிச்ச உடம்புலதான் ஊசி பிடிச்சிருக்கு. கோமளாவுக்குப் போட்டது வெறும் தண்ணி" என்று சிரித்தது தெர்மாமீட்டர். மற்ற நர்ஸ்களும் அதையே சொன்னார்கள். கோமளவல்லி நம்பிவிட்டாள். தன்னிடமிருந்து நோய் தொற்றிவிடுமோ என்று பயந்து, தன் கைக்குழந்தையைத் தூக்காமல், தினமும் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து இருவருடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். லேபிலிருந்து ரிசல்ட் காகிதம் வந்து தம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"ரெண்டு பேருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கு அண்ணே. கோமளாவுக்குத்தான் கூடுதல்."

"ஐயையோ! அவளுக்குக் கைகூட வலிக்கலையே!"

"வலியை யாரு பார்த்தாங்க? ரத்தத்துல இருந்ததைத்தான் என்மேல எழுதினாங்க."

"அப்ப, நான் பார்த்த நூற்றிரண்டு?"

"அது காய்ச்சல் அண்ணே. அவ்வளவுதான்."

அதிர்ச்சியில் தெர்மாமீட்டரின் பாதரசம் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது உள்ளே வந்த கோமளவல்லி காகிதத்தை மூன்று தரம் படித்தாள். பிறகுதான் தம்ளரைப் பார்த்தாள்.

"யாருக்கும் வைக்காமலே ஏறி நிக்குதே இது!"

தெர்மாமீட்டரை எடுத்து இரண்டு உதறு உதறித் தம்ளரில் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்க விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.